மட்டிகளுக்கு வந்த காய்ச்சல்

அவளுக்கு மட்டி என்று பெயர் வைத்தவர் கணக்கு வாத்தியார். ஏழாம் வகுப்பில் ஒரே பின்னக் கணக்கை ஐந்து நாளாகத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டு வந்ததற்குக் கிடைத்த பட்டம் அது. முப்பது வருஷம் கழித்து அதே வாத்தியார் பையைத் தூக்கிக்கொண்டு மீன் சந்தைக்குள் நுழைந்தபோது, அவள் மரப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து, வாயைத் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மட்டிச் சிப்பிகளை நிமிஷத்துக்கு இருபது வீதம் திறந்து தள்ளிக்கொண்டிருந்தாள். கத்தி எப்போது உள்ளே போனது, சதை எப்போது வெளியே வந்தது என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

"சார், தெரியுதா? நீங்க பேரு வச்ச மட்டிதான். இப்ப அதையேதான் விக்கிறேன்" என்றாள்.

வாத்தியார் அசடு வழியச் சிரித்து ஒரு கிலோ கேட்டார். அவள் ஒன்றேகால் கிலோ நிறுத்துப் போட்டாள். "அந்தக் கால் கிலோ, பின்னத்துக்கு."

இப்படிப்பட்டவள் எப்படி வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு சோதனைக்கூடத்துக்குள் போனாள் என்பது தனிக் கதை. துறைமுகத்துப் பின்பக்கம் தண்ணீர்ச் சோதனைக்கூடம் ஒன்று உண்டு. அதற்குப் புதிதாக வந்த தலைவி முப்பத்தைந்து வயசுப் பெண். பெரிய படிப்பு, சின்ன உருவம். டாக்டரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், ஊசி போடத் தெரியாத டாக்டர். அந்த டாக்டரம்மாவுக்கு மட்டியின் செவுள் வேண்டியிருந்தது. அதுவும், உடம்பிலிருந்து எடுத்த அரை நிமிஷத்துக்குள் புகை கக்கும் குளிர்க்குடுவைக்குள் விழ வேண்டும். தாமதமானால் உள்ளே இருக்கும் சமாச்சாரமெல்லாம் குழம்பிப்போகும். கூடத்தில் இருந்த பட்டதாரிகள் ஒரு மட்டியைத் திறக்க மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் திறந்தது மட்டியை அல்ல, தன் கட்டைவிரலை.

டாக்டரம்மா சந்தைக்கு வந்தாள். பத்து நிமிஷம் நின்று பார்த்தாள்.

"அக்கா, எங்ககிட்ட வேலைக்கு வர்றீங்களா? மாசச் சம்பளம், ஞாயித்துக்கிழமை லீவு."

"என்ன வேலை?"

"இதே வேலைதான். ஆனா விக்க வேணாம், அரைக்கணும்."

"அரைச்சு?"

"அரைச்சு, அதுங்க என்ன கஷ்டப்பட்டுச்சுன்னு கண்டுபிடிப்போம்."

மட்டி கத்தியைக் கீழே வைத்தாள். பதினெட்டு வருஷமாக லட்சக்கணக்கில் திறந்திருக்கிறாள். அதில் ஒன்றையாவது சௌக்கியமா என்று கேட்டதில்லை. இப்படியும் ஒரு உத்தியோகம் இருக்கிறதா என்ற ஆச்சரியத்திலேயே பாதி சம்மதித்துவிட்டாள். மீதி சம்மதம் ஞாயிற்றுக்கிழமை லீவுக்காக.

முதல் மாதம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. செவுளை வெட்டுவாள், குடுவையில் போடுவாள், பிறகு ஐஸ் மேல் வைத்து அரைப்பாள். அரைத்த சாற்றைக் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே இருக்கும் பசைக்குள் விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். கடைசியில் ஒரு வெள்ளைத் தாளில் கறுப்புக் கறுப்பாகப் பட்டைகள் விழும். டாக்டரம்மா அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவாள், அல்லது நகம் கடிப்பாள்.

ஒரு நாள் மட்டி நேராகவே கேட்டுவிட்டாள். "இந்தக் கறுப்புக் கோட்டுல அப்படி என்னதான் எழுதியிருக்கு?"

டாக்டரம்மா விளக்கினாள். உயிருள்ள உடம்பில் புரதங்கள் மடித்து வைத்த துணி மாதிரி, ஒவ்வொன்றும் அதற்கான மடிப்பில் இருந்தால்தான் வேலை நடக்கும். வெயில் ஏறினாலும் சரி, உப்பு மாறினாலும் சரி, விஷ உலோகம் கலந்தாலும் சரி, அந்த மடிப்பு கலைந்து எல்லாம் கசங்கிப்போகும். உடனே உடம்பு ஒரு தனிப் புரதத்தை நிறையச் செய்து அனுப்பும். அது ஓடோடிப் போய்க் கசங்கியதை நீவி, மறுபடி மடித்து வைக்கும். அழுத்தப் புரதம் என்று அதற்குப் பெயர். அது அதிகமாக இருந்தால் மட்டிக்கு ஏதோ கஷ்டம் என்று அர்த்தம். இன்னொரு புரதம் இருக்கிறது. காட்மியம், தாமிரம் மாதிரி உலோகம் உடம்புக்குள் நுழைந்தால் அதைக் கட்டிப் பிடித்துக்கொள்வது அதன் வேலை. வெறும் வெயிலுக்கெல்லாம் அது கூட்டமாகக் கிளம்பி வராது.

மட்டி விரல் விட்டு எண்ணினாள்.

"புரிஞ்சுது. முதல்ல சொன்னது எங்க சித்தி. வீட்டுல யாருக்கு என்ன சண்டைன்னாலும், கூப்பிடாமலே ஓடிவந்து சமாதானம் பண்ணுவாங்க. ரெண்டாவது போலீஸ்காரன். திருடன் வந்தாத்தான் வருவான்."

டாக்டரம்மா மூன்று வருஷம் மாணவர்களுக்கு நடத்திய பாடத்தை இவள் மூன்று வரியில் முடித்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் யாரும் புரதத்தின் சரியான பெயரைச் சொல்வதில்லை. "சித்தி எவ்வளவு வந்திருக்கா?" "போலீஸ் வந்தாச்சா?" என்றுதான் பேச்சு. குளிர்ப்பெட்டிப் புட்டிகளின் மேல்கூட அப்படியே எழுதி ஒட்டினார்கள்.

இனி அவள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓடும் கழிமுகத்தின் கரையில், தண்ணீர்க் குழாய்களுக்குப் பளபளவென்று முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே அவர் ஸ்டோர் கீப்பர். சாது. எதையும் ஒழுங்காக அடுக்குவார், எதையும் தூக்கி எறியமாட்டார். அறுந்த செருப்பின் ஒற்றை வார்கூட அவரிடம் சீட்டு ஒட்டிய டப்பாவில் இருக்கும். கலியாணமான புதிதில் மட்டி இதைக் கேலி செய்தாள். பிறகு சண்டை போட்டாள். இப்போது டப்பாக்களைத் துடைத்து வைக்கிறாள்.

அந்தத் தொழிற்சாலைக் கழிவு கழிமுகத்தில்தான் கலக்கிறது என்று ஊருக்கே தெரியும். ஆனால் சோதனைக்கூடத்து ஆட்கள் மாசாமாசம் முதல் திங்கட்கிழமை போய்த் தண்ணீர் எடுத்துப் பார்த்தால் குழந்தைக்குக் கொடுக்கலாம் போல அவ்வளவு சுத்தமாக இருக்கும். டாக்டரம்மா மண்டையை உடைத்துக்கொண்டாள். கருவியில் கோளாறா, கணக்கில் கோளாறா என்று மூன்று முறை சரிபார்த்தாள்.

மட்டிக்குப் பொறி தட்டியது சமையலறையில். ஒரு திங்கட்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது, மூன்று மணிக்கே வந்துவிட்ட வீட்டுக்காரரின் சட்டை ஆணியில் தொங்கியது.

"என்னங்க, மாசத்துல ஒரு திங்கக்கிழமை மட்டும் சீக்கிரமா வந்துடறீங்க?"

"இன்னிக்குத் தண்ணி எடுக்கிற நாள்ல? ஞாயித்துக்கிழமையே வால்வை மூடிடுவாங்க. முலாம் தொட்டி ஓடாது. ஸ்டோர்ல என்ன வேலை?" என்று சொல்லிவிட்டு, தான் யாரிடம் என்ன சொன்னோம் என்பதே தெரியாமல் பேப்பரைப் பிரித்தார்.

மறுநாள் காலை மட்டி கோட்டைக்கூட மாட்டவில்லை. "மேடம், தண்ணி பொய் சொல்லும். இன்னிக்கு வந்தது நாளைக்குப் போயிடும். மட்டி அப்படி இல்ல. தின்னதெல்லாம் உடம்புல வச்சிருக்கும். ரெண்டு வாரம் அங்கேயே உக்கார வச்சுட்டு எடுத்துட்டு வந்து கேப்போம்."

டாக்டரம்மா நகம் கடிப்பதை நிறுத்தினாள். "நானும் அதைத்தான் நெனச்சேன்க்கா. ஆனா இவ்வளவு சுருக்கமா நெனக்கல."

மூன்று பிளாஸ்டிக் வலைக்கூடைகள் தயாராயின. சுத்தமான விரிகுடாவிலிருந்து எடுத்த மட்டிகள், கூடைக்கு நாற்பது. ஒவ்வொரு ஓட்டிலும் எண் போட வேண்டும். தண்ணீரில் அழியக் கூடாது. மட்டி தன் சிவப்பு நகப்பூச்சுப் புட்டியைக் கொண்டு வந்து, கூடைக்குக் கூடை ஒன்றிலிருந்து நாற்பது வரை எழுதினாள். அவள் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஆறும் எட்டும் அண்ணன் தம்பி. எது எது என்று அவளே இரண்டு தடவை பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு கூடை தொழிற்சாலைக் குழாய் வாயில். ஒன்று கழிமுகத்து நடுவில். ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க, வெளிக்கடலில். எல்லாவற்றுக்கும் ஆரஞ்சு மிதவை. சட்டப்படி தொழிற்சாலைக்கும் கடிதம் போயிற்று: இன்ன இடத்தில் கூடை வைத்திருக்கிறோம், இன்ன தேதியில் எடுப்போம்.

இரண்டு வாரம் கழித்து எடுத்தார்கள். மட்டி மளமளவென்று வெட்டினாள், அரைத்தாள். நாலாம் நாள் தாள்கள் வந்தன.

வெளிக்கடல் மட்டிகள் நிம்மதியாக இருந்தன. நடுக் கழிமுகத்தில் சித்தியும் கொஞ்சம் வந்திருந்தாள், போலீஸும் கொஞ்சம் வந்திருந்தது. குழாய் வாயில் இருந்த கூடைதான் வேடிக்கை. சித்தி என்றால் அப்படியொரு சித்தி! தாளைக் கிழித்துவிடும் போலக் கன்னங்கரேல் என்று பட்டை. ஆனால் போலீஸ் ஒருத்தர்கூட இல்லை.

"இது எப்படி முடியும்? உலோகம் படாம இவ்வளவு கஷ்டம் எப்படி வந்துச்சு?" என்று டாக்டரம்மா நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள்.

"வீட்டுல ரகளை நடந்திருக்கு, ஆனா திருட்டு இல்ல" என்றாள் மட்டி. "காய்ச்சல் மாதிரி இருக்கு மேடம். எங்கயோ வெயில்ல வெந்திருக்கு."

"தண்ணிக்குள்ள எப்படிக்கா வேகும்?"

அந்தக் கூடையில் வெட்டிப்போட்ட ஓடுகள் ஒரு வாளியில் கழுவக் கிடந்தன. மட்டி பாட்டுக்கு அவற்றைக் கழுவி, எண் வரிசையில் அடுக்க ஆரம்பித்தாள். அடுக்க அடுக்க அவளுக்கு ஏதோ உறுத்தியது. எண்கள் எல்லாம் அழகாக இருந்தன. முத்து முத்தாக, ஒரே அளவில், ஓட்டின் நட்ட நடுவில். ஆறு ஆறாக இருந்தது. எட்டு எட்டாக இருந்தது. இவ்வளவு அழகாக அவள் தன் பிறந்தநாளைக்கூட எழுதியதில்லை.

ஏழாம் எண் ஓட்டை எடுத்தாள். ஏழுக்கு இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. பதினேழுக்கும் கோடு. இருபத்தேழுக்கும், முப்பத்தேழுக்கும்.

ஒன்றையும் ஏழையும் யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஏழுக்கு இடுப்பில் கோடு போடும் ஒரு மனிதரை அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அவர் பக்கத்தில்தான் படுத்துத் தூங்குகிறாள்.

நாலு ஓடுகளைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் இருந்த நகப்பூச்சுப் புட்டியை எடுத்துப் பார்த்தாள். அவள் மூடியை எப்போதும் கோணலாகத்தான் திருகுவாள். இப்போது மூடி கச்சிதமாக, இறுக்கமாக, நேராக இருந்தது. போதாக்குறைக்குப் புட்டியின் கழுத்தில் வழிந்து காய்ந்திருந்ததையும் யாரோ துடைத்து வைத்திருந்தார்கள்.

சாப்பாட்டு நேரம். அவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். மட்டி சாப்பாட்டைப் போடவில்லை. ஏழு, பதினேழு, இருபத்தேழு, முப்பத்தேழு என்று நாலு ஓடுகளையும் தட்டில் வரிசையாக வைத்தாள்.

அவர் தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார்.

"உப்பு போதுமா?" என்றாள்.

அவ்வளவுதான், மனிதர் உடைந்துபோனார். பொய் சொல்ல அவருக்கு வராது. அதற்கென்று ஒரு டப்பா அவரிடம் இல்லை.

"மேனேஜர் கூப்பிட்டாரு. 'உன் பொண்டாட்டிதானய்யா அந்தக் கூடையெல்லாம் பாத்துக்குது? அது எப்படி எழுதும்னு உனக்குத்தான தெரியும்? விரிகுடாவுல போய் நல்ல மட்டியா நாப்பது எடுத்துட்டு வா, எடுக்கிறதுக்கு முதல் நாள் மாத்தி வை'ன்னாரு. முடியாதுன்னு சொன்னா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்."

"நான் இவ்வளவு அழகாவா எழுதுவேன்? நாப்பது நம்பர்ல ஒண்ணாவது கோணலா எழுதக் கூடாதா?"

"முயற்சி பண்ணேன். கை வரல" என்றார் பாவமாக.

மட்டிக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டையில் முட்டியது. விழுங்கிக்கொண்டாள். கோபம் இன்னும் முடியவில்லை.

"சரி. விரிகுடாவுலேர்ந்து எப்படிக் கொண்டு வந்தீங்க?"

"கம்பெனிக் கார் டிக்கியில. வழியில முடி வெட்டிக்கலாம்னு இறங்கினேன். கூட்டம். ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சு."

"காரை எங்க நிறுத்தினீங்க?"

"வெளியில."

"வெயில்ல?"

"வெயில்லதான்."

"அதானே பாத்தேன்!" என்று மட்டி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அதான் அத்தனை சித்தியும் ஓடி வந்திருக்காங்க! அங்க எங்க டாக்டரம்மா காலையிலேர்ந்து நகத்தைக் கடிச்சுத் துப்புறாங்க. எல்லாம் உங்க முடியால!"

சித்தி யார், எதற்கு ஓடி வந்தாள் என்று அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தன் தலையை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார். வெட்டு நன்றாகத்தான் இருந்தது.

"பழைய மட்டியெல்லாம் என்ன பண்ணீங்க? கடல்ல கொட்டிட்டீங்களா?"

அவர் எழுந்து போய்க் குளிர்ப்பெட்டியின் உறைநிலை அறையைத் திறந்தார். பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால், நன்றாக முடிச்சுப் போட்ட ஒரு பை. அதன் மேல் சீட்டு: மட்டி – பழையது – 40.

"கொட்டத்தான் சொன்னாரு. எனக்கு மனசு வரல."

அப்போதுதான் மட்டியின் சிரிப்பு அணை உடைத்துக்கொண்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் பயம் வந்தது. நாளைக்கு டாக்டரம்மா முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாமல் விட்டால் அந்தக் கூடத்துக் கோட்டை மறுபடி மாட்டிக்கொள்ள முடியாது. சொன்னால் வீட்டுக்காரர் பிழைப்பு போகும். ஒருவேளை வழக்கும் வரும். அவள் படுக்கையில் புரண்டு புரண்டு படுத்தாள். பக்கத்தில் அவரும் புரண்டார். இரண்டு பேரும் ஒருவர் தூங்குவதாக ஒருவர் நடித்தார்கள்.

விடிந்ததும் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, நானும் வர்றேன்" என்றார்.

டாக்டரம்மா முழுவதையும் கேட்டாள். ஏழுகளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். உறைந்த பையைப் பார்த்ததும் அவள் கண் அகல விரிந்தது. அன்றைக்கே பழைய மட்டிகளை அரைத்தார்கள். வீட்டுக் குளிர்ப்பெட்டியில் கிடந்ததால் சித்தி விஷயத்தை நம்ப முடியவில்லை. ஆனால் போலீஸ் புரதம் அசையாத ரகம். பட்டாலியன் பட்டாலியனாக வந்து இறங்கியிருந்தது. உலோக அளவும் அதற்கு ஒத்துப்போயிற்று.

"உண்மை தெரிஞ்சிடுச்சு. ஆனா இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுக்கா" என்றாள் டாக்டரம்மா. "எங்க வச்சிருந்தீங்கன்னு கேப்பாங்க. பட்டாணிக்குப் பின்னாலன்னு சொன்னா விசாரணையில சிரிச்சுடுவாங்க."

சுற்றுச்சூழல் இலாகாவின் அதிகாரியை வரவழைத்தார்கள். குறைவாகப் பேசும் மனிதர். வீட்டுக்காரர் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தேதியில் ஏழு இருந்தது. அதற்கும் கோடு போட்டார். அதிகாரி படித்து முடித்துவிட்டு, "அவங்க மறுபடியும் மாத்தச் சொல்வாங்களா?" என்று கேட்டார்.

"சொல்லாம இருக்க மாட்டாங்க" என்றார் வீட்டுக்காரர்.

"அப்ப மாத்துங்க" என்றாள் மட்டி.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

திட்டம் அவளுடையதுதான். முன்போலவே ஆரஞ்சு மிதவையோடு கூடைகள் போகும், கடிதமும் போகும். அது தவிர, குழாய் வாய்க்கு முப்பது அடி தள்ளி, பழைய மரத்துறையின் அடியில், மிதவை இல்லாமல் இரண்டு கூடைகள். அதிகாரி தன் கையாலேயே அவற்றுக்கு முத்திரை வைத்து இறக்குவார், அவரே எடுப்பார். யாருக்கும் தெரியாது.

இரண்டாவது வாரத்தில், எதிர்பார்த்தபடியே மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். வீட்டுக்காரர் வேர்த்து விறுவிறுத்து வந்து சொன்னார். மட்டி சோதனைக்கூடத்து ஐஸ் பெட்டியை அவர் முன்னால் வைத்தாள்.

"இந்தத் தடவை இதுல வச்சு எடுத்துட்டுப் போங்க. வழியில எங்கயும் இறங்கக் கூடாது. முடி வளர்ந்தா வளரட்டும்."

"நம்பரு?"

"உங்க இஷ்டத்துக்கு அழகாவே எழுதுங்க."

கூடைகளை எடுத்து அரைத்து, துறையடி இரண்டை மட்டும் சொல்லாமல் அறிக்கை போன பிறகு, இலாகா அலுவலகத்தின் மாடி அறையில் விசாரணை நடந்தது. நீள மேஜை, ஆடும் நாற்காலிகள், மெதுவாகச் சுற்றும் மின்விசிறி. ஒரு பக்கம் மேனேஜரும் அவருடைய வக்கீலும். மேனேஜர் பேச்சில் கெட்டிக்காரர். புதுக் கழுத்துப்பட்டையை நீவியபடி எழுந்தார்.

"சார், நடுக் கழிமுகத்து மட்டிக்கு மன அழுத்தம்னு இந்த அம்மா அறிக்கை எழுதியிருக்காங்க. எனக்கும்தான் அழுத்தம். வீட்டுல பொண்டாட்டி, ஆபீஸ்ல முதலாளி. என்னையும் அரைச்சுப் பாக்கலாமே?"

அறையில் சிரிப்பு. டாக்டரம்மாவின் காது சிவந்தது. பின்வரிசையில் இருந்த மட்டி எழுந்தாள்.

"தாராளமா சார். செவுள் எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க. அரை நிமிஷத்துல எடுத்துடறேன்."

இரண்டாவது சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரிதாக வந்தது. குறைவாகப் பேசும் அதிகாரிகூட மீசையைத் தடவினார். மட்டி உட்காரவில்லை. அவளே பேசட்டும் என்று டாக்டரம்மா கண் காட்டினாள்.

"சார் ஃபேக்டரிக் குழாய் வாயில இருந்த மட்டிய வெட்டினது நான்தான். பதினெட்டு வருஷம் சந்தையில வெட்டியிருக்கேன், இவ்வளவு ஆரோக்கியமான மட்டிய நான் பாத்ததே இல்ல. வெளிக்கடல்ல இருந்ததைவிட நல்லா இருந்துச்சு."

மேனேஜர் மலர்ந்து போனார். "பாத்தீங்களா! நாங்க அதைத்தான சொல்றோம். எங்க தண்ணி அவ்வளவு சுத்தம்."

"ஆமா சார். உங்க தண்ணி குடிச்சா உடம்பு தேறும் போல. ஆனா அதே தண்ணியில, முப்பது அடி தள்ளி, துறைக்கு அடியில ரெண்டு கூடை இருந்துச்சு. அதுங்க மட்டும் ஏன் சார் இப்படி விஷம் ஏறிக் கெடக்கு? உங்க குழாய் வாயில மட்டும் தண்ணி அமுதமா இருந்துட்டு, முப்பது அடியில மனசு மாறிடுதா?"

மேனேஜரின் கை கழுத்துப்பட்டையிலேயே நின்றுவிட்டது. "எந்தக் கூடை? அப்படி எதுவும் கடிதத்துல இல்லையே?"

"இல்ல" என்றார் அதிகாரி. "அது நான் வச்சது." முத்திரைக் கம்பிகளை மேஜையில் வைத்தார். பிறகு வீட்டுக்காரரின் வாக்குமூலத்தையும், கோடு போட்ட ஏழுகளையும். வக்கீல் எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிட்டு, தன் பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார்.

குழாயை அடைத்தார்கள். கழிவைச் சுத்தம் செய்யும் தொட்டி கட்டும் வரை தொழிற்சாலையைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. மேனேஜர் வேறு எங்கேயோ போய்ச் சேர்ந்தார். தொழிற்சாலை ஐந்து மாதம் மூடிக் கிடந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் மட்டிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ஐந்து மாதமும் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் அவளிடம் பேசவில்லை. அவர்கள் வீட்டு ஆண்களும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். மறுபடி திறந்தபோது எல்லோரையும் கூப்பிட்டார்கள், அவள் வீட்டுக்காரரை மட்டும் கூப்பிடவில்லை. இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில், பள்ளிக்கூட மேஜை செய்யும் இடத்தில் அவருக்கு ஸ்டோர் வேலை கிடைத்தது. "அங்க எல்லாரும் கண்டதைக் கண்ட இடத்துல போட்டிருக்காங்க" என்று தினமும் புலம்பினார். உள்ளுக்குள் அவருக்குக் கொள்ளைச் சந்தோஷம் என்று மட்டிக்குத் தெரியும். அடுக்குவதற்கு ஒரு ஆயுசுக்கான குப்பை கிடைத்திருக்கிறது.

அதைவிட அவளைச் சுட்டது சந்தைதான். அறிக்கை வந்த கையோடு, சந்தைக்குச் சரக்கு வந்த அந்தக் கழிமுகத்தில் மட்டி எடுக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். சேற்றில் தங்கிய உலோகம் குழாயை அடைத்ததும் கிளம்பிப் போய்விடாது. வருஷக் கணக்கில் கிடக்கும். அவளுடைய சொந்த அக்கா இன்னமும் அந்தச் சந்தையில்தான் மட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் எதிரில் பார்த்தபோது, "நீ மட்டிக்கு நல்லது பண்ணே. எங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். சுருக்கென்றது. அக்கா சொன்னதில் பொய் இல்லை.

எட்டு மாதம் பேச்சு இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குச் சோதனைக்கூடத்துக் கதவு படாரென்று திறந்தது. அக்கா. கையில் தளும்பத் தளும்ப ஒரு வாளி. யாரையும் கேட்காமல் நேராக உள்ளே வந்து, டாக்டரம்மாவின் கோப்புகளுக்கு மேலேயே அதை வைத்தாள்.

"வடக்குப் பக்கத்துப் பாறைக்கு அந்தாண்ட புதுசா ஒரு இடம் பாத்திருக்கோம். நல்லதா, கெட்டதா? சும்மா வாயால சொல்லாத. அரைச்சுச் சொல்லு."

மட்டி ஆணியில் தொங்கிய உபரிக் கோட்டை எடுத்து அக்காவின் மேல் போட்டாள். இன்னொரு கத்தியை எடுத்து மேஜையின் மறுபக்கம் தள்ளினாள். அக்கா முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி இது, ஆஸ்பத்திரி நாத்தம்?"

"பேசாம வெட்டு. அரை நிமிஷம்தான் டைம்."

அக்கா கத்தியின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள், மழுங்கல் என்று உதட்டைப் பிதுக்கினாள், இடுப்பிலிருந்து தன் சொந்தக் கத்தியை உருவி முதல் மட்டியைத் திறந்தாள். எட்டு மாதத்துக் கோபம் மொத்தமும் கையில் இருந்ததால், மட்டி ஒன்றை முடிப்பதற்குள் அவள் இரண்டை முடித்தாள். டாக்டரம்மா ஓரமாக நின்று, குளிர்க்குடுவையை இரண்டு பேருக்கும் நடுவில் மாற்றி மாற்றி நீட்டிக்கொண்டிருந்தாள்.